ஆயிரத்தொரு சிலையும் ஒரு கைப்பேசியும்

அந்த வீடியோவை நான் இங்கே பகிரப் போவதில்லை. எல்லாரும் பார்த்தாயிற்று. ஜப்பானில், கியோட்டோவின் சஞ்சூசங்கெந்தோ என்ற பௌத்தக் கோயில் மண்டபத்துக்குள், சட்டைப் பையில் கைப்பேசியைச் செருகிக் கேமரா மட்டும் எட்டிப் பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டு, ஒரு கோடியிலிருந்து நடந்தபடியே எடுத்தது. "உள்ளே படம் எடுக்கக் கூடாதுன்னு எழுதியிருக்குமே" என்று கீழே ஒரு வரி கேட்டேன். ராத்திரி முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எடுக்காதே என்றால் எடுக்கக் கூடாது. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

"ஃப்ளாஷ் போடலையே, சிலைக்கு என்ன ஆச்சு?" ஒன்றும் ஆகவில்லை. 1249-ஆம் ஆண்டுத் தீ விபத்தையே தாண்டி வந்த 124 சிலைகள் அங்கே நிற்கின்றன, உங்கள் கைப்பேசிக்கா பயப்படும்? நான் பேசுவது சிலையைப் பற்றி இல்லை. செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினீர்கள். படம் வேண்டாம் என்றார்கள், அது மட்டும் காதில் விழவில்லை.

இன்னொருவர், "இந்திரன், பிரம்மா, கருடன் எல்லாம் நம்ம சாமிதானே" என்கிறார். ஆமாம், 28 காவல் தெய்வங்களுக்குள் இருக்கிறார்கள். கருடன் புல்லாங்குழல் ஊதிக்கொண்டு நிற்கிறார், அவ்வளவு அழகு. நம்ம சாமி என்பதால் நம்ம ஊர்க் கருவறைக்குள் கைப்பேசியை நீட்டுவீர்களா?

"நீ என்ன ஜப்பானுக்கு வாட்ச்மேனா?" இதற்கெல்லாம் பதில் கிடையாது.

சரி, ஏன் இவ்வளவு சுடுகிறது என்று சொல்லிவிடுகிறேன். அப்பா போன மறுவருஷம் அம்மாவை அங்கே கூட்டிப்போனேன். நடுவில் உட்கார்ந்திருக்கும் பெரிய கண்ணோனுக்கு, அதாவது பௌத்தர்களின் கருணைத் தெய்வத்துக்கு, இரண்டு பக்கமும் ஐந்நூறு ஐந்நூறாக ஆளுயரச் சிலைகள். பார்க்க ஏங்குகிற முகம் அதில் ஒன்று இருக்கும் என்பார்கள். சும்மா கதைக்குத்தான் அம்மாவிடம் சொன்னேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். கடைசிப் பக்கம் வந்ததும் நின்றாள். "அந்த மூணாவது வரிசை. மூக்கைப் பாரு, அப்பா மாதிரி இல்ல?"

எனக்கு அப்படித் தெரியவில்லை. "ஒரே ஒரு படம் எடுத்துக் குடுடா" என்றாள். கூடாதும்மா என்றேன். சுற்றிலும் யாரும் இல்லை, எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. "சரி விடு" என்று நடந்துவிட்டாள்.

நேற்று அந்த வீடியோ எங்கள் குடும்பக் குழுவுக்கும் வந்து சேர்ந்தது. அம்மா கேட்டது ஒன்றுதான்: "அவங்க எடுத்திருக்காங்களே?"

விதியை மதித்தவன்தான் கடைசியில் முட்டாள். இதைச் சொன்னால் நான் புனிதன் வேஷம் போடுகிறேனாம். போங்கள்.

காலையில் அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்தி நாலு தடவை பார்த்தேன். பாதியிலேயே முடிந்துவிடுகிறது. கடைசிப் பக்கம் அதில் இல்லை.