மீன் லாரிக்கு வருடம் முழுவதும் லோடு கிடைக்காது

‘ஹெவி லைசென்ஸ் இருந்தால் எல்லா லாரியும் ஒன்றுதான்; ராமேஸ்வரம் மீன் லாரியில் ஏறினால் வருடம் முழுவதும் வருமானம்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாது. நாட்டுப்படகு மீன் வரும்தான். அது பெரிய லாரிக்குக் காணாது. டிரிப் கணக்கில் சம்பளம் வாங்குபவர் அந்த இரண்டு மாதமும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். சேரும் முன்பே மாதச் சம்பளமா, டிரிப் கணக்கா, தினப்படி தனியா என்று கேட்டுவிடுங்கள். ஐஸ் உருகுவதற்குள் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால் இரவு ஓட்டமும் நிச்சயம். பெட்டியிலிருந்து ஒழுகும் தண்ணீரின் வாடை சட்டையை விட்டுப் போகாது, அது வேறு!

ராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கம் உப்பளத்தின் உப்பு லோடில் இந்த அவசரம் இல்லை. ஆனால் உப்பு வண்டியின் அடிச்சட்டத்தை அரித்துவிடும். ஐப்பசி மழையில் உற்பத்தியும் நின்றுவிடும்.

பெட்ரோல், கேஸ் டேங்கருக்கு ஹெவி லைசென்ஸ் மட்டும் போதவே போதாது. மத்திய மோட்டார் வாகன விதி 9-இன்படி 3 நாள் பயிற்சி முடித்து, லைசென்சில் அதைப் பதிவு செய்திருக்க வேண்டும். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று சாவியை நீட்டும் முதலாளியிடம் சேராதீர்கள்.