செவ்வாய்க்கிழமைக்கு 36 மணி நேரம்

(சிங்கப்பூர், ஈசூனில் ஓர் அடுக்குமாடி வீடு. நியூயார்க்கில் இருக்கும் மகளைப் பார்க்கப் போக டிக்கெட் எடுத்தாயிற்று. ராமையா அதை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆண்களுக்கெல்லாம் வரும் அந்தக் கணக்கு வாத்தியார் முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்.)

ராமையா: கோமளா, இங்கே வா. ஊரெல்லாம் தூரம் தூரம் என்று பயமுறுத்தினார்களே, திங்கள் முடிந்து செவ்வாய் பிறக்கிற நள்ளிரவு 12 மணிக்கு ஏறினால், அதே செவ்வாய் காலை 7 மணிக்கு இறங்கிவிடுகிறோம். ஏழே மணி நேரம்!

கோமளம்: சென்னைக்குப் போகவே நாலு மணி நேரம் ஆகிறது. நியூயார்க் என்ன காரைக்குடிக்குப் பக்கத்திலா இருக்கிறது? டிக்கெட்டில் இருப்பது அந்த ஊர் மணிங்க. மகள் போனில் பேசும்போதெல்லாம் கொட்டாவி விடுகிறாளே, எதனால் என்று நினைத்தீர்கள்?

ராமையா: உன் பேச்சைக் கேட்டுத்தான் என்று நினைத்தேன்.

கோமளம்: இப்போது கோடை, 12 மணி நேர வித்தியாசம். உங்கள் ஏழோடு கூட்டுங்கள்.

ராமையா: பத்தொன்பதா! நடுவில் டீ குடிக்கக்கூட நிறுத்த மாட்டானா?

கோமளம்: 15,300 கிலோமீட்டர், ஒரே மூச்சு. அதற்கென்றே எரிபொருள் கூடுதலாகப் பிடிக்கிற ஏர்பஸ் ஏ350. இங்கே பாருங்க.

(பேத்தி விட்டுப்போன பூகோள உருண்டையில், பூக்கட்டும் நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூரில் கட்டைவிரலால் அழுத்தி, மறுமுனையை நியூயார்க்குக்கு இழுக்கிறார். நூல் சீனா, சைபீரியா என்று ஏறி, வட துருவத்தை உரசிக்கொண்டு கனடா வழியாக இறங்குகிறது.)

ராமையா: ஐயையோ, வட துருவமா? என்னிடம் ஒரே ஒரு ஸ்வெட்டர்தானே இருக்கிறது!

கோமளம்: இறங்கி நடக்கவா போகிறீர்கள்? குறுக்கு வழி அது. ஆனால் போகும்போது பெரும்பாலும் பசிபிக் பக்கமாகத்தான் ஓட்டுகிறார்கள். அங்கே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே சில நேரம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேலேயே காற்று அடிக்குமாம், அது பின்னாலிருந்து தள்ளிவிட, தூரம் கூடினாலும் நேரம் மிச்சம். மகள்தான் சொன்னாள். நீங்கள் அப்போது குறட்டை.

ராமையா: (விரல் மடக்கி) சரி, 19 மணி நேரம் பறந்தும் செவ்வாய் காலைதான். நாள் முடிய இன்னும் 17. ஆக 36. கோமளா, நமக்கு அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை 36 மணி நேரம்!

(கோமளம் கையிலிருந்து நூல் நழுவுகிறது. முருகனுக்கு ஒன்பது செவ்வாய் விரதம் வேண்டியிருக்கிறார். அன்று முழுக்கப் பாலும் பழமும்தான்.)

கோமளம்: 36 மணி நேரம் வாழைப்பழத்திலா?

ராமையா: வரும்போது நேராகிவிடும். திங்கள் இரவு பத்தரைக்கு ஏறி, புதன் காலை ஐந்துக்கு இறங்குகிறோம், நடுவில் செவ்வாய்க்கு 12 மணி நேரம்தான் மிஞ்சும். 36, 12, மொத்தம் 48. இரண்டு செவ்வாய் சரியாகப் போச்சு. முருகனுக்குக் காலணா பாக்கியில்லை.

கோமளம்: மயிலில் உலகத்தையே சுற்றியவருக்கு நீங்கள் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறீர்களா?

ராமையா: சுற்றி வந்தும் அவருக்குப் பழம் கிடைக்கவில்லை. உனக்கு விமானத்தில் பழத்தட்டுக்குச் சொல்லி வைக்கிறேன்.

கோமளம்: இரண்டாகச் சொல்லுங்கள். பக்கத்தில் நீங்கள் கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருக்க, நான் பழம் உரித்துக்கொண்டு வருவேனா?

(ராமையா பேசாமல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, புதன்கிழமை விமானத்தில் இடம் இருக்கிறதா என்று தேட ஆரம்பிக்கிறார்.)