எச்டிஎம்எல் தெரிந்தால் மட்டும் போதுமா?

"எச்டிஎம்எல் தெரிந்தவர் ஒரே நாளில் வாய்ஸ்எக்ஸ்எம்எல் எழுதிவிடலாம்" என்கிறது உங்கள் கட்டுரை. வலைப்பக்கத்துக்கு எச்டிஎம்எல் போல, போனில் கேட்டுப் பதில் சொல்லும் தானியங்கிச் சேவைகளை எழுதும் மொழிதான் வாய்ஸ்எக்ஸ்எம்எல். டேக்குகளைப் பொறுத்தவரை சரி. ஃபார்ம், ஃபீல்ட், சப்மிட் எல்லாம் தெரிந்த முகங்கள்தான். சிக்கலே போனில் பேசுகிறவர் வாயைத் திறந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. ஒன்றுமே பேசாவிட்டால் 'நோஇன்புட்', பேசியது புரியாவிட்டால் 'நோமேட்ச்'. இரண்டுக்கும் ஒரே பதிலை எழுதிவைத்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். கிளிப்பிள்ளை மாதிரி அதே கேள்வியே திரும்பத் திரும்ப வந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? இதற்காகவே 'கவுண்ட்' என்று ஒன்று இருக்கிறது; எத்தனையாவது தடவை என்பதைப் பொறுத்து வேறு வேறு பதில் எழுதலாம். முதல் தடவை "எந்தத் தேதி?" என்று மட்டும் கேளுங்கள். அடுத்து "நாளையும் மாதத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்". மூன்றாவது தடவையும் புரியவில்லையா, எண்களை அழுத்தச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஆளிடம் இணைத்துவிடுங்கள்.

இன்னொன்று, கட்டுரையில் இல்லாதது: 'ஃபெட்ச்ஆடியோ'. சர்வர் பதில் தர ஐந்து விநாடி எடுத்தால் திரையில் சக்கரம் சுற்றும். போனில் வெறும் நிசப்தம். "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். அந்த இடைவெளியில் ஒலிக்க ஒரு ஆடியோ கோப்பைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

சின்னத் திருத்தம்: 2000-ல் வந்த வாய்ஸ்எக்ஸ்எம்எல் 1.0 பதிப்பு, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் தரமல்ல; ஏடி அண்ட் டி, ஐபிஎம், லூசென்ட், மோட்டோரோலா ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய வாய்ஸ்எக்ஸ்எம்எல் ஃபோரத்தினுடையது. டபிள்யூ3சி-யின் தரமாக ஆனது 2004-ல், 2.0 பதிப்புதான்.

அடுத்த பகுதியில், அழைப்புகளை இணைப்பது, துண்டிப்பது போன்றவற்றைக் கவனிக்கும் சிசிஎக்ஸ்எம்எல் மொழி பற்றியும் எழுதுங்கள். கான்ஃபரன்ஸ் கால் வேண்டுமென்றால் வாய்ஸ்எக்ஸ்எம்எல் மட்டும் போதாது.