டி-யில் போட்டுவிட்டு மலை இறங்காதீங்க

நாலு நாள் லீவு சேர்ந்தால் போதும், கோயமுத்தூர், திருப்பூர், ஈரோட்டு வண்டிகளெல்லாம் மலையேறிவிடும். ஊட்டி, வால்பாறை, ஏற்காடு, கொல்லிமலை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை இருக்கிற ஊர்க்காரர்கள் நாம். ஏறுவதில் யாருக்கும் பயமில்லை. இன்றைய டர்போ இன்ஜின் அஞ்சு பேரையும் பெட்டிகளையும் அலுங்காமல் மேலே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். வினை எல்லாம் இறக்கத்தில்தான். புதிதாக ஓட்டவரும் தம்பி தங்கச்சிகள் பலர் கம்ப்யூட்டரில் ஸ்டீயரிங் வீல் மாட்டி கேம் ஆடிக் கை பழகியவர்கள். வீட்டில் நிற்பதோ ஆட்டோமேட்டிக் கார். கேமும் சரி, கியர் லீவரில் டி (டிரைவ்) என்ற அந்த எழுத்தும் சரி, ஒரே விஷயத்தை அவர்கள் கண்ணிலிருந்து மறைக்கின்றன. அது பிரேக்கின் சூடு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 325 மீட்டர் சுமார். ஆட்களோடு சேர்த்து ஒன்றரை டன் எடையுள்ள கார் இந்த 1,500 மீட்டரை இறங்கும்போது விடுவிக்கிற சக்தி ஏறக்குறைய 6 யூனிட் கரண்டுக்குச் சமம். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியை ஆறு மணி நேரம் விடாமல் போட்டுவைத்தால் வருகிற சூடு அது. அந்தச் சூடு எங்கேயாவது போயாக வேண்டும். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை வாங்கிக்கொள்ள இரண்டே இடம்தான்: ஒன்று இன்ஜின், இன்னொன்று பிரேக். இன்ஜினுக்குப் பங்கு கொடுக்கவில்லை என்றால் மிச்சம் முழுக்கப் பிரேக்கின் தலையில், அதிலும் பெரும்பங்கு முன்சக்கர டிஸ்க்கின் தலையில் விழும்.

பிரேக் சூடேறினால் இரண்டு விதமாகக் கைவிடும். இரண்டும் வேறுவேறு, காலுக்குத் தெரிகிற விதமும் வேறு. முதலாவது, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கிற பேட் கைவிடுவது. பேடில் இருக்கிற பிசின் அதிகச் சூட்டில் வாயுவாகி, பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் படலமாக நிற்கும். பெடல் கல்லு மாதிரி கெட்டியாக இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. கருகல் வாடை முதலில் வரும். இரண்டாவது, பிரேக் ஆயில் கொதிப்பது. இதுதான் மோசம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் தன்மையுள்ளது. புது டாட் 3 வகை ஆயில் 205 டிகிரிவரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர அளவு. ஈரம் ஏறிய பிறகு அது 140-க்கு இறங்கிவிடும். டாட் 4 என்றால் புதிதில் 230, ஈரம் ஏறினால் 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி. திரவத்தை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம். அதனால் பெடல் பஞ்சு மாதிரி தரைவரை போகும், சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். சர்வீஸ் பில்லில் இரண்டு மூன்று வருஷமாக அந்த வரியே இல்லையென்றால், மலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் மாற்றிவிடுங்க. இன்ஜின் ஆயில் மாற்றுவதைவிடச் செலவு குறைந்த வேலை.

நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்கள் சொல்கிற வரி ஒன்றுண்டு: "எந்த கியர்ல ஏறுனயோ, அதே கியர்லதான் எறங்கோணும்." மலையோட்டத்துக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. மேனுவல் வண்டியில் இரண்டாவது கியர் போட்டு, ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால் 30, 35 வேகத்தில் வண்டி தன்னைத்தானே பிடித்துக்கொண்டு இறங்கும். ஆர்பிஎம் 2,000, 3,000 என்று நிற்கும், இன்ஜின் கொஞ்சம் முனகும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து மேல் கியர் போடுகிறவர்கள் நிறைய. பயப்பட ஒன்றுமே இல்லை. மீட்டரில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கிறவரை இன்ஜினுக்கு அது வேலையே அல்ல. டீசல் வண்டிக்காரர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: பெட்ரோல் இன்ஜினில் கால் எடுத்ததும் த்ராட்டில் மூடிக்கொண்டு உறிஞ்சலை அடைக்கும், அதுவே வண்டியை இழுத்துப் பிடிக்கும். டீசலில் அந்த அடைப்பு அவ்வளவாக இல்லாததால், இன்னும் ஒரு கியர் குறைக்கத் தயங்கக் கூடாது.

ஆட்டோமேட்டிக்கில் என்ன செய்வது என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரிவதில்லை. வண்டி டெலிவரி எடுக்கும் அன்றே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியது இது. மேனுவல் கியரையே தானாக மாற்றுகிற ஏஎம்டி வண்டியில் கால் எடுத்தவுடன், வேகம் கூடுகிறதே என்று அதுவாகவே மேல் கியருக்குப் போகப் பார்க்கும். இறக்கத்தில் நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். லீவரைத் தள்ளி எம்-க்கு (மேனுவல்) கொண்டுவந்து, மைனஸ் பக்கம் தட்டி இரண்டாவதில் வையுங்க. டூயல் கிளட்ச், டார்க் கன்வெர்ட்டர் என்ற மற்ற வகை ஆட்டோமேட்டிக் வண்டிகளிலும் அதேதான். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கியர் மாற்றும் பேடில் ஷிஃப்டர் இருந்தால், இடது பக்கத்து மைனஸைத் தட்டுங்க. பழைய நாலு கியர் ஆட்டோமேட்டிக்கில் லீவரிலேயே 2, எல் என்று போட்டிருக்கும், அது அலங்காரத்துக்கு இல்லை. படிப்படியான கியர் இல்லாத சிவிடி வண்டியில் எல் அல்லது எஸ், சில ஹைப்ரிட்களில் பி (B; பார்க்கிங்குக்கான P அல்ல). உங்கள் வண்டியில் எது என்று வீட்டு வாசலில் நின்றே பார்த்துக்கொள்ளுங்க. பதினாலு வளைவு இறக்கத்தில் வைத்துத் தேடுகிற பொருள் இல்லை அது.

கியர் பிடித்தும் வேகம் கூடினால் பிரேக் வேண்டும்தான். அதில் ஒரு முறை இருக்கிறது. காலை மெதுவாகப் பெடல்மேல் வைத்துக்கொண்டே கிலோமீட்டர் கணக்கில் தேய்த்துக்கொண்டு வருவதுதான் டிஸ்க்கைப் பழுக்க வைக்கிறது. நன்றாக அழுத்தி 40-லிருந்து 25-க்குக் கொண்டுவந்து, காலை முழுசாக எடுத்துவிடுங்க. எடுத்திருக்கிற அந்த நேரத்தில்தான் டிஸ்க் காற்று வாங்கி ஆறும். வாடை வந்துவிட்டால் அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டி, கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து அரைமணி நேரம் ஆறவிட வேண்டும். பழுத்த டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றவே கூடாது. கோணிக்கொள்ளும், விரிசலும் விடும். பெடல் தரைக்கே போய்விட்டது என்றால் விடாமல் குத்திக் குத்தி அழுத்துங்க, ஒவ்வொரு கியராகக் குறையுங்க, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்க, வண்டியை மலைப்பக்கச் சுவரை ஒட்டி உரசவிடுங்க. பெயின்ட் போனால் போகட்டும், அந்தப் பக்கம் பள்ளம்.

நியூட்ரலில் உருட்டுவது பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எண்ணெய் மிச்சமாகிறது என்ற நம்பிக்கை இன்னும் சாகவில்லை. தொப்பூர் இறக்கத்தில் வருஷாவருஷம் லாரிகள் அடுக்கடுக்காக மோதிக்கொள்வதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம் இதுதான். இன்ஜெக்‌ஷன் வண்டி எதுவானாலும், கியரில் இருக்கும்போது காலை எடுத்துவிட்டால் இன்ஜெக்டர் மூடிக்கொள்ளும். இறக்கத்தில் எண்ணெய்ச் செலவு சுத்தமாகப் பூஜ்யம். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருப்பதற்காகவாவது எண்ணெய் குடித்துத்தான் ஆக வேண்டும். ஆக, மிச்சம் பிடிக்கிறேன் என்று செலவைக் கூட்டிக்கொள்கிறோம். இன்ஜினையே அணைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பிரேக் பூஸ்டரில் மிஞ்சியிருக்கிற வாக்குவம் இரண்டு மூன்று அழுத்தலுக்குத்தான் வரும், அதற்கப்புறம் பெடல் இறுகும். பவர் ஸ்டீயரிங்கும் கிடையாது.

எலக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களுக்கு மலை இறக்கம் வரப்பிரசாதம். அந்த 6 யூனிட்டில் நல்ல பங்கு ரீஜென் (மோட்டாரே வண்டியைப் பிடித்து, அந்தச் சக்தியைக் கரண்டாக்குவது) வழியாகப் பேட்டரிக்கே திரும்பிவிடும். ஆனால் மேலே ரிசார்ட்டில் ராத்திரி முழுக்கச் செருகிவைத்து, காலையில் 100 சதவீதத்தோடு இறங்கினால் பேட்டரியில் வாங்கிக்கொள்ள இடமே இல்லை. ரீஜென்னை வண்டி தானாகவே குறைத்துவிடும், முழுச் சுமையும் டிஸ்க்குக்கு வந்துவிடும். பழக்கத்தில் காலை எடுத்ததும் வண்டி பிடிக்கும் என்று நம்பியிருப்போம், பிடிக்காது. மலைமேல் 80, 85-ல் சார்ஜரைக் கழற்றிவிடுங்க. இறங்கும்போது ரீஜென்னை உச்சத்தில் வையுங்க.

இனி கேம் பக்கம். கேமைக் குறை சொல்பவர்கள் கூட்டத்தில் நான் இல்லை. நல்ல சிமுலேட்டர் கேம், பார்வையைத் தூரத்தில் வைக்கவும், திரும்புவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து முடிக்கவும், ஸ்டீயரிங்கைப் பதறாமல் திருப்பவும் உண்மையிலேயே கற்றுக்கொடுக்கிறது. வீலின் சுழற்சியை 900 டிகிரியில் வையுங்க, ரோட்டில் வரைந்து காட்டுகிற பச்சை சிவப்புக் கோட்டை அணைத்துவிடுங்க. இரண்டும் செய்யாவிட்டால் கை பழகுவது வேறெதற்கோ. விலை குறைந்த பெடல் செட்டுகளில் பிரேக், எவ்வளவு தூரம் அமுங்கியது என்பதைத்தான் அளக்கும். நிஜக் காரிலோ எவ்வளவு பலமாக மிதிக்கிறோம் என்பதுதான் கணக்கு. காசு செலவு செய்வதானால் வீலை மாற்றுவதற்கு முன்னால், மிதிக்கிற பலத்தை அளக்கும் லோட்செல் பிரேக் பெடல் வாங்குவதே புத்திசாலித்தனம். சோமனூர், பல்லடம் பக்கத்துப் பஞ்சுத்தூசி, பெடலின் நகர்வை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டருக்குள் போய்விட்டால், பெடலைத் தொடாமலே திரையில் பிரேக் அளவு துள்ளும். கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, பெடலை இருபது முப்பது தடவை முழுசாக மிதித்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சூட்டைக் காட்டுகிற கேம்களும் இல்லாமல் இல்லை. பீம்என்ஜி டிரைவில் பிரேக் சூடேறிப் பிடிப்புப் போவதையே செய்து வைத்திருக்கிறார்கள். சரிவான மேப் ஒன்றில், சூட்டளவைத் திரையில் வைத்துக்கொண்டு, ஒருமுறை டி-யில் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே இறங்குங்க, இன்னொருமுறை இரண்டாவது கியரில் இறங்குங்க. வித்தியாசம் எண்ணாகவே தெரியும். யூரோ டிரக் சிமுலேட்டர் 2-ல் பாரம் ஏற்றிக்கொண்டு ரிடார்டர் (பிரேக்கைத் தொடாமலே லாரியை இழுத்துப் பிடிக்கிற கருவி) போட்டு இறங்கிப் பார்ப்பதும் நல்ல பயிற்சி. பெரும்பாலான ரேஸ் கேம்களில் பிரேக் என்பது எவ்வளவு மிதித்தாலும் தீராத ஒன்று. அந்தப் பழக்கம்தான் மலையில் ஆபத்து.

கேம் தருகிற இன்னொரு கெட்ட பழக்கம் வளைவை வெட்டுவது. வெளியே இருந்து உள்ளே, உள்ளே இருந்து வெளியே என்ற ரேஸ் கோடு ஒருவழிப் பாதைக்கானது. ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறுகிற 40 கொண்டை ஊசி வளைவிலும், கொல்லிமலையின் 70 வளைவிலும் அந்தக் கோடு எதிரே வருகிறவனின் பாதிக்குள் போகிறது. அரசுப் பேருந்து கொண்டை ஊசியில் திரும்ப ரோடு முழுக்க வேண்டும், பின்பக்கம் வெளியே துருத்திக்கொண்டு வரும். ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்னாலேயே நின்று வழிவிட்டுவிடுவதுதான் முறை. ரோடு குறுகலான இடத்தில் ஏறிவருகிற வண்டிக்கே முன்னுரிமை என்பது சட்டமும்கூட. ரேஸ் கோடு பழகவேண்டும் என்று ஆசை இருந்தால் அதற்கு நம்மூரிலேயே செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனே கோவைக்காரர்தான். இந்த ஊரில் ஓட்டக் கற்க இடத்துக்குப் பஞ்சமில்லை.

காரில் இருக்கிற மற்ற வசதிகளில், இறக்கத்தில் க்ரூஸ் கன்ட்ரோலை அணைத்துவிடுங்க. ஹில் டிசென்ட் கன்ட்ரோல் என்ற பட்டனை இதற்கென்றே கொடுத்திருக்கிறார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. அது கரடுமுரடான சின்னச் சரிவில் ஊர்ந்து இறங்குவதற்கு. அது வேலை செய்வதே பிரேக்கைப் பிடித்து விட்டுத்தான், ஆகவே நீண்ட மலைப்பாதையில் அதுவும் சூட்டைத்தான் கூட்டும். வண்டியை லேன் கோட்டுக்குள் வைத்திருக்கப் பார்க்கும் லேன் கீப் வசதி கொண்டை ஊசியில் கோட்டைத் தவறாகப் படித்து ஸ்டீயரிங்கை இழுக்கப் பார்க்கும், அதையும் அணைக்கலாம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற ஏபிஎஸ், வண்டி சறுக்காமல் காக்கிற இஎஸ்பி இரண்டையும் தொடவே வேண்டாம். மேப்பை வீட்டு வைஃபையிலேயே டவுன்லோடு செய்துகொள்ளுங்க. நடுக்காட்டில் சிக்னல் போனபிறகு திரையை நோண்டுவதும் வேண்டாம், அது காட்டுகிற எஸ்டேட் குறுக்குப்பாதையை நம்புவதும் வேண்டாம்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் பட்டறையில் மூன்றே மூன்று கேளுங்க: முன் பேட் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம், பிரேக் ஆயிலில் ஈரம் எவ்வளவு, பின் டிரம்முக்குள் லைனர் எப்படி. பேட் 3 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் மாற்றிவிட்டுத்தான் மலைக்கு. ஈரம் பார்க்கப் பேனா மாதிரி ஒரு டெஸ்டர் இருக்கிறது, பெரும்பாலான பட்டறைகளில் வைத்திருப்பார்கள். 3 சதவீதத்தைத் தொட்டால் ஆயிலை மாற்றச் சொல்லுங்க. மாற்றும்போது பாட்டிலில் இருப்பதை மேலே ஊற்றி நிரப்பிவிட்டால் போதாது. நாலு சக்கரத்திலும் நிப்பிளைத் திறந்து, பழைய ஆயில் முழுக்க வெளியேறிப் புதியது தெளிவாக வருகிறவரை காற்றெடுக்க வேண்டும். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்க.