எழுந்து நிக்க வெச்சா படிப்பு வந்துடுமா?

அந்த வீடியோவை இன்னும் எத்தனை பேர் எனக்கு அனுப்புவீங்க? "அரியர் வெச்சிருக்கிறவங்கல்லாம் எழுந்து நில்லுங்க"ன்னு காலேஜ் மேடையில பேச்சாளர் ஒருத்தர் சொல்றார். பரீட்சையில போன பாடத்தைப் பாக்கி வெச்சிருக்கிற பிள்ளைங்க தலையைக் குனிஞ்சு நிக்கிறாங்க. "சோம்பேறிங்க"ன்னதும் அரங்கமே கைதட்டுது. பார்க்கப் பார்க்க வயிறு எரியுது.

படிப்பைத் தள்ளிப்போடுறது சோம்பேறித்தனம் இல்லைங்க. பயம். நம்மால முடியாதுங்கிற பயம்.

பொறியியல் கல்லூரி லேப்ல பாடம் எடுக்கிறவ நான். ரெண்டாம் வருஷப் பையன் ஒருத்தன் ரெக்கார்டு நோட்டையே கண்ணுல காட்டலை. வாங்கிப் பார்த்தா தலைப்பு, நோக்கம், ஸ்கேல் வெச்சுப் போட்ட அட்டவணை எல்லாம் அச்சடிச்ச மாதிரி இருக்கு. ரீடிங் எழுதுற கட்டம் மட்டும் காலி. "தப்பாயிட்டா திரும்ப எழுதச் சொல்வீங்களே மேம்"னான். அந்த நோட்டை நினைச்சு ராத்திரியெல்லாம் தூங்காம கிடந்திருக்கான். சோம்பேறியா இருந்தா நிம்மதியா தூங்கியிருப்பானே!

டயான் டைஸ், ராய் பாமைஸ்டர்னு ரெண்டு உளவியலாளர்கள் 1997-லயே கல்லூரி மாணவர்களை வெச்சு ஆராய்ஞ்சு எழுதிட்டாங்க. தள்ளிப்போடுறவங்களுக்கு செமஸ்டர் ஆரம்பத்துல மன அழுத்தம் குறைவு. கடைசியில மத்தவங்களை விட அதிகம், மார்க்கும் கம்மி. அந்த நேரத்துப் படபடப்புக்குத் தப்பிக்கத்தான் தள்ளிப்போடுறாங்க. தன்னால முடியும்ங்கிற நம்பிக்கைக்கு, தானே ஒண்ணைச் செஞ்சு முடிச்ச அனுபவத்தை விடப் பெரிய ஊற்று இல்லைன்னு உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977-ல எழுதினார். அடுத்தவங்க பேச்சுல வர்ற நம்பிக்கை அவ்வளவு உறுதியா நிலைக்காதுன்னும் சொன்னார். பேச்சுக்கே அந்தக் கதின்னா, அவமானத்துக்கு?

"அப்போ கண்டிக்கவே கூடாதா?"ன்னு வருவீங்க. கண்டிங்க. தனியா கூப்பிட்டுக் கண்டிங்க. "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ரீல்ஸ் பார்க்கிறானே?" பார்க்கிறான், இல்லைங்கலை. புத்தகத்தைத் திறந்தா வர்ற பயம் ஃபோனைத் திறந்தா கொஞ்சம் அடங்குது. தெருவிளக்குல படிச்சு முன்னுக்கு வந்தவங்களுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

நின்னவங்கள்ல முதல் பட்டதாரிச் சான்றிதழோட சேர்ந்தவங்க எத்தனை பேர்னு யாராவது கேட்டீங்களா? பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியத்துல படிச்சிட்டு, முதல் செமஸ்டர்லயே கணக்குல போனதும், "நான் இதுக்கு லாயக்கில்லை"ன்னு அந்தப் பிள்ளை முடிவு கட்டிடுது. சந்தேகம் கேட்க வீட்டுல ஆள் இல்லை, வகுப்புல கேட்க வாய் வரலை. நாமளும் கேட்கிறதில்லை, அட்டெண்டன்ஸ் மட்டும் எடுக்கிறோம். இப்ப எல்லார் முன்னாடியும் நிக்க வேற வெச்சாச்சு. அடுத்த பரீட்சைக்கு எந்தத் தைரியத்துல ஃபீஸ் கட்டும்?

பேச்சாளருக்குக் கொடுக்கிற காசுல கணக்குக்கு ஒரு சாயங்கால வகுப்பு வைங்க. எடுக்க ஆளில்லைன்னா சொல்லுங்க, நான் வர்றேன். சம்பளமும் வேண்டாம்.