அம்மாவுக்கு பி.எஃப். உண்டு, தம்பிக்கு இல்லை

அம்மா ஆலங்குளத்தில் முப்பது வருஷமாகப் பீடி சுற்றுகிறாள். தம்பி சென்னையில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். எங்கள் வீட்டில் பி.எஃப். கணக்கு இருப்பது அம்மாவுக்குத்தான்.

போன மாதம் தம்பியின் ஐடியை பிளாக் செய்துவிட்டார்கள். யாரோ ஒரு கஸ்டமர் சாப்பாடு வந்து சேரவில்லை என்று புகார் கொடுத்தாராம். ஆப்பில் என்ன கேட்டாலும் 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே பதில். ஒன்பது நாள் இப்படியே போனது. வண்டி டியூ மட்டும் தேதி தவறாமல் வந்தது.

"கடைக்குப் போயி சத்தம் போட வேண்டியதுதானல?" என்று அம்மா கேட்டாள். அவளுக்குத் தெரிந்த வழி அது. பீடிக்கடையில் இலையை எடை குறைத்துத்தான் தருவார்கள். பற்றாததற்கு நம் காசில் வாங்க வேண்டும். சுற்றிக்கொண்டு போனால் சரியில்லை என்று ஒரு கை அள்ளிக் கழித்துப் போடுவார்கள். அதற்குக் கூலி கிடையாது. ஆனால் கழிக்கிற ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். வாய்விட்டுத் திட்டலாம்.

சட்டமும் கொஞ்சம் துணை இருந்தது. வருவதும் போவதும் அவர்கள் இஷ்டம், அவர்கள் எப்படி எங்கள் தொழிலாளிகள் என்று அந்தக் காலத்திலேயே பீடி முதலாளி ஒருவர் வாதாடியிருக்கிறார். தரமில்லாத பீடியைக் கழிக்கும் அதிகாரமே மேற்பார்வைதான் என்று 1961-இல் அந்த நாக்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1966-இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், இலையும் தூளும் வாங்கி வீட்டில் சுற்றுகிறவரையும் தொழிலாளி என்றே எழுதியது. இலை கொடுப்பதிலும் பீடி கழிப்பதிலும் வரும் தகராறுகளைத் தீர்க்கவும் அதில் வழி வைத்தார்கள். முதலாளிகள் எதிர்த்து வழக்குப் போட்டும் 1974-இல் உச்ச நீதிமன்றத்தில் சட்டம் நின்றது. (அம்மா இதுவரை எந்த அதிகாரியிடமும் போனதில்லை. அது வேறு கதை.)

ரேட்டிங்கும் ஐடி பிளாக்கும் கழிவுபீடி இல்லாமல் வேறென்ன? ஆனால் 2025 நவம்பரில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, தம்பியைப் போல ஆப் வழியாக வேலை செய்கிற கிக் தொழிலாளியை வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே நிறுத்தித்தான் வரையறுக்கிறது. கம்பெனிகள் ஆண்டு டர்ன்ஓவரில் 1 முதல் 2 சதவீதம் நல நிதிக்குக் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 2023-இல் நல வாரியமும் வந்தது. சரி, வரட்டும், நல்லதுதான். விபத்தில் அடிபட்டால் அந்தப் பணம் உதவும். ஐடி போனால் யார் வாசலில் போய் நிற்பது?

பத்தாம் நாள் ஐடி தானாகவே திறந்தது. காரணம் எதுவும் சொல்லவில்லை. ஒன்பது நாள் கூலி என்னாச்சு என்று அம்மா கேட்டாள். "ஆர்டர் வந்துட்டும்மா" என்று தம்பி போனை வைத்துவிட்டான்.