21 நாள் டைரி எழுதினால் மாத்திரை வேண்டாமா?

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: 'தினமும் இரவு 21 நாள் டைரி எழுதினால் மன அழுத்தம் அடியோடு போய்விடும், மாத்திரையே தேவையில்லை.' இது தவறு. மாத்திரையைப் பற்றிச் சொல்வது ஆபத்தும்கூட.

எழுதுவதால் பலன் உண்டு. 1986-இல் அமெரிக்காவில் உளவியல் ஆய்வாளர்களான பென்னிபேக்கரும் பீலும் கல்லூரி மாணவர்களை 4 நாள், தினம் 15 நிமிடம், மனத்தை உலுக்கிய அனுபவங்களை எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்ததும் பலருக்கு மனம் இன்னும் கனத்தது. பின்வந்த மாதங்களில்தான் சிலர் மருத்துவரிடம் போவது குறைந்தது. 2006-இல் 146 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சராசரிப் பலன் சிறியதுதான் என்று தெரிந்தது. 21 நாளில் ஒரு பழக்கம் படிந்துவிடும் என்ற கணக்குக்கும் ஆதாரமில்லை. லண்டன் ஆய்வொன்றில் ஒரு பழக்கம் படிய 18 முதல் 254 நாள் வரை ஆனது.

எப்படி எழுதுகிறோம் என்பதும் முக்கியம். வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர் 'முதலாளி திட்டினார்' என்றே பக்கம் பக்கமாக எழுதினால் புண்ணைக் கிளறுவதுதான் நடக்கும். 'வாடிக்கையாளர் முன்னால் திட்டியதுதான் வலித்தது; நாளை தனியாகப் பேசுவேன்' என்று எழுதினால் தன்னைப் பற்றி ஒன்று புரியும். எழுத எழுத மனம் மோசமானால், சரி, அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.